மண் குடித்த நீர், எண்ணெய் குடித்த நீர்

கார்த்திகைக்கு முந்தைய வாரம் விருத்தாசலம் போயிருந்தேன். நெய்வேலிக் களிமண்ணை நம்பி வளர்ந்த செராமிக் கூடங்களில் அகல் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. முதல் சூளை கண்ட அகல்களை ஒரு அக்கா கிளேஸ் கரைசலில் முக்கி எடுத்தார். கண்மூடித் திறப்பதற்குள் ஈரத்தை அகல் இழுத்துக்கொண்டது. "கிளேஸ் ஏறாத மண்ணு தண்ணியக் குடிக்கும் சார். ஏறி வெந்துட்டா சொட்டு இறங்காது" என்றார்.

அந்தப் பேச்சு அன்று பிற்பகல் ஒரு மெக்கானிக் கொட்டகையிலும் எனக்குத் துணைக்கு வந்தது. செராமிக் கூட உரிமையாளர் ஒருவரின் பழைய அம்பாசிடர், சக்கரங்கள் கழற்றி, முட்டுக்கட்டைமேல் நின்றது. பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டுமே வெளியே வரும் வண்டி. வீல் சிலிண்டரைப் பிரித்துக் காட்டினார் மேஸ்திரி. பழுப்புக் குழம்பு. பிஸ்டன் துருவில் இறுகியிருந்தது. "ஓடுற வண்டியவிட நிக்கிற வண்டிக்குத்தாண்ணே பிரேக் சீக்கிரம் போவும்" என்றார்.

காரணம் பிரேக் எண்ணெயில் இருக்கிறது. நாம் வழக்கமாக ஊற்றும் டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைக்கால் வகை. கிளேஸ் ஏறாத மண்போல, காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். டாட் 3 புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்கக் கூடாது; ஈரம் ஏறியபின் அந்த வரம்பே 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாயில் ஆவி. மிதித்தால் பெடல் பஞ்சுபோல் அமுங்கும்.

டாட் 5 சிலிகோன் எண்ணெய். ஊதா நிறம். ஈரம் குடிக்காது, சிந்தினாலும் பெயின்டை உரிக்காது. அகலின் கிளேஸுக்கும் இந்த எண்ணெய்க்கும் மூலம் ஒன்றே: சிலிக்கா.

ஆனால் டாட் 5 டப்பாவைத் திறந்து அப்படியே அம்பாசிடரில் ஊற்றிவிட மேஸ்திரி சம்மதிக்கவில்லை. கிளைக்காலும் சிலிகோனும் கலக்கக் கூடாது. குழாய்களை ஸ்பிரிட் விட்டு அலசி, கம்ப்ரஸர் காற்றால் ஊதி, ரப்பர் வாஷர் அத்தனையும் புதிதாக மாற்றினார். சிலிகோன் நுண்குமிழிகளை எளிதில் விடாது. அதனால் டப்பாவைக் குலுக்காமல் மெல்ல ஊற்றினார். பையன் நிதானமாகப் பெடலை மிதிக்க, சக்கரம் சக்கரமாக ஏர் எடுத்தார். இரவு முழுக்க நிற்கவிட்டு, காலையில் மறுபடி ஏர் எடுத்த பிறகே சக்கரம் மாட்டினார். எண்ணெயின் விலையைவிட அந்த இரண்டு நாள் பொறுமைதான் பெரிது.

சிலிகோனிலும் ஆபத்து உண்டு. எப்படியோ உள்ளே போகும் தண்ணீர் அதில் கரையாமல், தாழ்ந்த இடத்தில் தேங்கி அங்கேயே துருவை வளர்க்கும். ஏபிஎஸ் வண்டிகளுக்கு இது ஆகாது. காற்று பிரேக் லாரிகளுக்கு இந்தப் பேச்சே இல்லை. டாட் 5.1 பெயரில்தான் நெருக்கம், அது கிளைக்கால்.

தினமும் ஓடும் பழைய வண்டிக்குக் கிளைக்காலே போதும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் மாற்றுங்கள். நிறுத்திவைத்துக் காப்பாற்றும் வண்டி என்றால் சிலிகோன் நல்லது, முழுதாகக் கழுவிய பிறகு மட்டும். எதை ஊற்றினாலும் அதன் பெயரை மூடியில் எழுதி ஒட்டிவையுங்கள். அடுத்துத் திறப்பவர் வேறொரு மெக்கானிக்காக இருக்கலாம்.