தாமானும் கச்சானும்: காரைக்கால் கரையின் பாய்த்தொழில்

காரைக்கால் கரை ஏறத்தாழ நேர் வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. மேற்கே காவிரியின் கடைமடை வயல்கள், கிழக்கே வங்கக் கடல் என்னும் இந்த எளிய கிடப்பே, எந்திரம் வருவதற்கு முன்பு அந்தக் கரையின் மீன்பிடித் தொழிலுக்குப் பொழுது வகுத்துக் கொடுத்தது. இரவில் நிலம் கடலைவிட விரைந்து குளிர்வதால் விடியலுக்கு முன் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். வெயில் ஏறி நிலம் சூடானபின் கடலிலிருந்து கரைக்கு வீசும். முன்னதில் பாய் விரித்துப் போய்ப் பின்னதில் பாய் விரித்துத் திரும்புவது வழக்கமாக இருந்ததால், கடலோடிக்குக் காற்றே கடிகாரமாகவும் இருந்தது. ஆடி மாதத்தை ஒட்டிய நாட்களில் மேல்காற்று வலுத்து, கடற்காற்று வரப் பிந்தும்போது, திரும்புவதே பெரும்பாடாகிவிடும்.

காற்றுக்குப் பொதுப்பெயர் மட்டும் வைத்துக்கொண்டு இத்தொழிலை நடத்த முடியாது. தமிழ்க் கடற்கரையில் வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது சோழகம், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கச்சான் என்று வழங்கும். இவற்றுக்கு இடைப்பட்ட திசைகளுக்கு இப்பெயர்களை இணைத்துச் சொல்வதும் உண்டு. கடலில் ஓடும் நீரோட்டமான நீவாடும் கணக்கில் சேரும், ஏனெனில் பாய் காற்றுக்கு இசைந்தாலும் கட்டுமரம் நீரில்தான் கிடக்கிறது.

காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி போன்ற மீனவர் ஊர்களின் மணலில் இன்று கண்ணில் படுபவை ஃபைபர் படகுகளும் அவற்றின் பின்புறம் கவிழ்ந்து தொங்கும் எந்திரங்களுமே. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இம்மாற்றம் விரைவு கண்டது. அதற்கு முன்பு இக்கரையின் அடையாளமாக விளங்கிய கட்டுமரம், கனம் குறைந்த மரத்துண்டுகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் பிணைத்து ஆக்கப்படுவது. அலை மேலேறினால் தண்ணீர் இடுக்குகளின் வழியே வடிந்துவிடும் என்பதால் அது மூழ்குவதில்லை. கரைக்கு வந்ததும் கட்டவிழ்த்துக் காயப்போடலாம் என்பதால் அதற்குத் துறைமுகமும் தேவையில்லை. அதன் பாய் முக்கோண வடிவானது. பருத்தித் துணியைத் தைத்து, உப்பிலும் ஈரத்திலும் மட்கிப்போகாமல் இருக்க மரப்பட்டைச் சாற்றில் தோய்த்தெடுப்பதால் செம்பழுப்பு நிறம் ஏறியிருக்கும்.

பாயைத் தாங்கி நிற்பது பாய்மரம். பாயின் விளிம்பைப் பிடித்திருக்கும் குறுக்குக் கழி பருமல். அதை மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான். ஏறிய பாயின் கீழ்மூலையை இழுத்தும் தளர்த்தியும் காற்றுக்கு ஏற்ற கோணத்தில் நிறுத்தும் கயிறு தாமான். இவற்றுள் தாமானே ஓட்டுபவரின் கையில் எந்நேரமும் இருப்பது. பின்னாலிருந்து காற்று வரும்போது பாய் வெறும் தடுப்பாக நின்று தள்ளப்படுகிறது. அதில் பெரிய நுட்பம் இல்லை. காற்று பக்கவாட்டில் வரும்போதுதான் தொழில் தொடங்குகிறது. வளைந்து புடைத்த பாயின் வெளிப்புறத்தில் காற்று விரைந்து ஓடி அழுத்தம் குறைய, உட்புறத்தில் அழுத்தம் மிகுதியாக இருக்க, பறவையின் சிறகைப் போலப் பாய் ஒரு பக்கமாக இழுக்கப்படுகிறது. அந்த இழுப்பின் ஒரு பகுதி முன்னோக்கியும் பெரும்பகுதி பக்கவாட்டிலும் அமைவதால், பக்கவாட்டு நழுவலைத் தடுக்க ஒரு பலகையை நீருக்குள் செங்குத்தாக இறக்குகிறார்கள். பலகை நழுவலைத் தடுக்கவே, எஞ்சிய விசை மரத்தை முன்னே செலுத்துகிறது. ஈரக்கையில் அழுத்திப் பிடித்த புளியங்கொட்டை முன்னால் பாய்வதைப் போன்றது இது.

தாமானை அளவுக்கு மீறித் தளர்த்தினால் பாய் படபடத்து விசை இழக்கும்; அளவுக்கு மீறி இழுத்தால் மரம் சாயுமே தவிர விரையாது. படபடப்பு அடங்கும் அந்த நொடியில் கயிற்றை நிறுத்தத் தெரிவதே கைப்பழக்கம் எனப்படுகிறது.

கட்டுமரத்தில், பெரிய கலங்களில் உள்ளதைப் போன்ற சுக்கான் கிடையாது. பின்னிருப்பவர் நீண்ட துடுப்பை நீரில் ஊன்றித் திசை திருப்புகிறார் என்றாலும், அது பாதி வேலைதான். பலகையை முன்பின்னாக மாற்றுவதாலும், ஆட்கள் இடம் மாறி உட்கார்வதாலும் அணியம், அதாவது முன்முனை, காற்றை நோக்கித் திரும்பவோ விலகவோ செய்கிறது. காற்று வரும் திசைக்கு நேராக எந்தப் பாயும் ஓடாது. ஆகவே கரைக்காற்றை எதிர்த்துத் திரும்ப வேண்டியவர், முதலில் வடகிழக்கு முகமாகவோ தென்கிழக்கு முகமாகவோ ஓடினால் கரை கிட்டாது. வடமேற்காகச் சற்றுத் தொலைவும், பாயை மாற்றித் தென்மேற்காகச் சற்றுத் தொலைவுமாக, குறுக்குமறுக்காகவே கரையை எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது.

இந்த அறிவு புதியதன்று. கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழி நூல், இக்கரையில் மரங்களைப் பிணைத்துச் செய்த சங்காரா என்ற கலங்களைக் குறிப்பிடுகிறது. வெண்ணிக்குயத்தியார் பாடிய புறநானூற்று 66-ஆம் பாட்டு, கரிகாலனின் முன்னோனைக் காற்றை ஏவல்கொண்டு கலம் செலுத்தியவன் என்றே போற்றுகிறது. கட்டுமரம் என்ற சொல்லே ஆங்கிலத்துக்குப் போய், இன்று இரட்டை உடல் கொண்ட விரைவுப் படகுகளுக்குப் பெயராக நிற்கிறது. பெயர் மட்டும்தான் நம்முடையது, அமைப்பு வேறு.

காரைக்காலுக்குப் பாயோடு இருந்த உறவு மீனோடு முடியவில்லை. 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த இவ்வூரிலிருந்து, 19-ஆம் நூற்றாண்டில் ரியூனியனுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் பாய்க்கப்பல்களிலேயே ஏற்றப்பட்டனர். அருகிலுள்ள நாகூர்க் கந்தூரி விழாவின் கொடி ஊர்வலத்தில் கப்பல் வடிவ ரதங்கள் இன்றும் இழுக்கப்படுகின்றன. தெருவில் ஓடும் அந்தக் கப்பல்கள் மரக்காயர்களின் கடல் வாணிகத்தை நினைவூட்டுகின்றன.

எந்திரம் வந்ததை இழப்பு என்று மட்டும் எழுதுவது கரையில் நின்று பேசுவோரின் சொகுசு. காற்றுக்காகக் காத்திருந்து மீன் அழுகியதையும், மேல்காற்றில் அகப்பட்டு ஆழக்கடலுக்குத் தள்ளப்பட்டதையும் பாயில் பிழைத்தவர்கள் மறப்பதில்லை. ஆனால் ஆஞ்சான், தாமான், பருமல் ஆகிய சொற்களைக் கையால் அறிந்தவர்கள் இன்று முதியவர்கள். அகராதியில் உள்ள சொல்லுக்கும் அவர்கள் கையில் உள்ள கயிற்றுக்கும் நடுவே உள்ள வேறுபாட்டை ஊர்தோறும் பதிவு செய்வதற்குக் காரைக்காலின் கல்லூரிகளே முன்வர வேண்டும். நகரிலிருந்து காரைக்கால்மேடு மிதிவண்டித் தொலைவில்தான் இருக்கிறது.