எங்கள் பந்து ஏன் சந்திரனில் குதித்தது?



மூன்று மாதமாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடக்கிற ஒரு விசயத்தை எழுத வேண்டும் என்று இருந்தோம். நாங்கள் என்றால் இரண்டு பேர். ஒருவர் 19 வருடமாகக் கணிதம் படிப்பிக்கிற வாப்பா. மற்றவர் தரம் 10 படிக்கிற மகன். ரைப் பண்ணுவது வாப்பாதான். ஆனால் மகன் பக்கத்தில் இருந்து வாசித்து, "அது அப்பிடி இல்ல வாப்பா" என்று இரண்டு இடத்தை வெட்டிவிட்டான். ஆகவே இது இரண்டு பேருடைய பதிவு.

தொடக்கம் நல்லதாக இருக்கவில்லை. போன தவணையில் மகனுக்குக் கணிதத்தில் 31. கணித வாத்தியாரின் மகனுக்கு 31 என்றால் ஸ்டாஃப் ரூமில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அந்தக் கேட்காமல் விடுவதுதான் சுடும். வீட்டுக்கு வந்த கையோடு வாப்பா ஃபோனைப் பறித்தார். உள்ளே கேம் இருக்கும் என்று பார்த்தால், விரலால் கீறிய குச்சி மனிதர்கள். ஓடுவதும், விழுவதும், ஒருவனை ஒருவன் தள்ளுவதுமாகச் சின்னச் சின்னக் கார்ட்டூன்கள், 60க்கு மேல். எல்லோரும் ஐஸில் வழுக்குவது போல் ஓடினார்கள். "இதுக்காடா ராவு ராவா முழிச்சிருந்த?" அதற்குப் பிறகு இரண்டு கிழமை எங்களுக்குள் சலாமும் சாப்பாடும் மட்டும்தான்.

நடுவில் வந்தது உம்மா. "நீங்க அவனுக்குப் படிப்பிக்க வேணாம். அவன் படிக்கிறத நீங்களும் சேந்து படிங்களன்" என்றார். வாப்பா ஒரு நிபந்தனை போட்டார்: ஃபோனில் கீறக் கூடாது, கடதாசியில், அடிப்படையிலிருந்து. மகனும் ஒன்று போட்டான்: வாப்பாவும் கீற வேண்டும், சும்மா பக்கத்தில் இருந்து மேய்க்கக் கூடாது.

சாமான்களுக்குச் செலவு குறைவு. கழற்றி வைத்திருந்த பழைய யன்னல் கண்ணாடி ஒன்றை இரண்டு பக்கமும் புத்தகம் அடுக்கி அதன்மேல் வைத்தோம். கீழே டோர்ச் லைட். மேலே தாள் வைத்தால் அடியில் இருக்கிற தாளின் கோடு தெரியும். ஃபைலுக்கு ஓட்டை போடுகிற பன்ச்சால் எல்லாத் தாளிலும் துளை போட்டு, பலகைத் துண்டில் நட்ட இரண்டு குச்சிகளில் மாட்டினோம். அப்படி மாட்டாவிட்டால் தாள் அசையும், தாள் அசைந்தால் படம் நடுங்கும். கடதாசி எல்லாம் பழைய வினாத்தாள்களின் வெறும் பக்கம், A4ஐ இரண்டாகக் கிழித்தது. 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே பிற்போடப்பட்டது. அதற்குப் பிறகு இந்த வீட்டில் ஒரு பக்கம் எழுதிய தாளை யாரும் எறிவதில்லை.

டிஸ்னியில் வேலை செய்த ஃபிராங்க் தோமஸும் ஒல்லி ஜோன்ஸ்டனும் 1981இல் எழுதிய புத்தகத்தில் அனிமேஷனுக்கு 12 விதிகள் சொல்லியிருக்கிறார்கள். அந்த 12ஐயும் ஒரு ஹாஃப் ஷீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். மூன்று மாதத்தில் இரண்டரை விதி முடித்திருக்கிறோம்.

முதல் பயிற்சி, உலகம் முழுக்க எல்லோரும் செய்வதுதான்: குதிக்கிற பந்து. சினிமாவில் ஒரு செக்கனுக்கு 24 ஃப்ரேம். ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு வைத்தால் செக்கனுக்கு 12 படம் போதும். 12 வட்டம்தானே என்று இருந்தோம். ஒரே அளவில் இரண்டு வட்டம் வரவில்லை. ஒன்று மாங்காய், ஒன்று முட்டை. வாப்பா ஐந்து ரூபாய்க் குற்றியை வைத்துச் சுற்றிக் கீறினார். மகன் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தான். ஏன் சிரித்தான் என்பது பிறகு விளங்கியது. பந்து நிலத்தில் படும்போது நசுங்க வேண்டும், உயரம் குறைகிற அளவுக்கு அகலம் கூட வேண்டும். குற்றி நசுங்காது. ஒரு கிழமை முழுக்க, மஃரிபுக்குப் பிறகு, முழங்கை மேசையில் படாமல் தோளிலிருந்து கையை அசைத்து வட்டம் மட்டும் கீறினோம். கை வலித்தது வாப்பாவுக்குத்தான்.

அடுத்தது இடைவெளி. மகன் கீறிய பந்து சம தூரத்தில் கீழே இறங்கியது, லிஃப்டில் வருவது போல. இங்கேதான் வாப்பாவுக்கு உசார் வந்தது. விழுகிற பொருள் சமமான நேரத்துண்டுகளில் கடக்கிற தூரம் 1, 3, 5, 7 என்று ஒற்றை எண்களாகக் கூடும். கலிலியோ கண்ட விசயம். ஆறு இடைவெளிக்கு மொத்தம் 36 பங்கு. ஒரு பங்கை அரை சென்றிமீற்றர் என்று எடுத்தால் 18 சென்றிமீற்றர், எங்கள் பாதித் தாளுக்கு அளந்து தைத்தது போல. அடிமட்டம் வைத்துப் புள்ளியிட்டுக் கீறி, ஒவ்வொரு தாளையும் ஃபோனில் படம் எடுத்து ஓடவிட்டோம். பந்து விழுந்தது! உண்மையாக விழுந்தது. அன்றைக்கு உம்மாவைக் குசினியிலிருந்து மூன்று தரம் கூப்பிட்டுக் காட்டினோம்.

பிரச்சினை இரண்டாவது குதியில். பந்து முதல் உயரத்துக்கு எழும்பாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாப்பா உயரத்தை 8 சென்றிமீற்றராகக் குறைத்தார். ஏறுவதற்கு ஆறு, இறங்குவதற்கு ஆறு, அதே 1, 3, 5. பங்கை மட்டும் சிறிதாக்கினார். ஓடவிட்டால் முதல் தரம் பந்தாக விழுந்தது, அடுத்த தரம் பலூனாக எழும்பி ஆறுதலாக இறங்கியது.

"புழ வாப்பா."

"கணக்கு சரி. நீ கீறினதுதான் கோணல்."

"கணக்கு சரி. பந்து புழ."

வாப்பா இறேசரை எடுத்து மகனின் தாளில் இரண்டு பந்தை அழித்து, அதற்கு மேல் தானே கீறினார். மகன் பென்சிலை மேசையில் வைத்தான். எறியவில்லை, மெதுவாக வைத்தான். பிறகு சொன்னான்: "கிளாஸ்லயும் நீங்க இப்பிடித்தான். புழ புழண்டு வெட்டுவீங்க. எங்க புழண்டு சொல்றல்ல."

இந்த இடத்தை வெட்டலாமா என்று மகனிடம் கேட்டோம். வேண்டாம் என்றான்.

அன்றிரவு வாப்பாவுக்குச் சரியான நித்திரை இல்லை. அடுத்த நாள் அசறுக்குப் பிறகு, அவன் கேட்காமலே, அவனுடைய பழைய டெனிஸ் போலை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். நெஞ்சு உயரத்திலிருந்து போட்டார். மறுபடி போட்டார். மகன் கதவடியில் நின்று பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தான். டொக். டொக். டொக், டொக், டொக்டொக்டொக். "சத்தம் கிட்டக் கிட்ட வருது வாப்பா. ஒவ்வொரு குதிக்கும் நேரம் குறையுது. நீங்க உயரத்தைத்தான் குறைச்ச, நேரத்தைக் குறைக்கல்ல."

உள்ளே வந்து அவனே திருத்தினான். பங்கை மாற்றக் கூடாது, எல்லாக் குதிக்கும் அதே அரை சென்றிமீற்றர்தான். ஏறுவதற்கு நாலு இடைவெளி என்றால் 16 பங்கு, 8 சென்றிமீற்றர். உயரம் தானாகச் சரியாக வந்தது. மூன்றாவது குதிக்கு மூன்று இடைவெளி, நாலரை சென்றிமீற்றர். ஓடவிட்டோம். பந்து முற்றத்தில் குதித்த மாதிரியே குதித்தது.

பங்கு மாறினால் என்ன அர்த்தம் என்று வாப்பாவுக்கு அப்போதுதான் ஓடியது. ஈர்ப்பு மாறுகிறது என்று அர்த்தம். முதல் குதி பூமியில், இரண்டாவது சந்திரனில். புவியீர்ப்பு மாறிலி என்று வாயால் சொல்லத் தெரிந்த ஆள் அதை மாற்றிக் கீறியிருக்கிறார். 31 எடுத்தவன் காதால் கண்டுபிடித்தான்.

அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை. இந்தத் தவணையில் கணிதம் 38. வாப்பா கொப்பி திருத்துவதுதான் முன்னைவிடச் சுணங்குகிறது. பிழையான வரியைத் தேடி அதற்குக் கீழே கோடு போடுவதால் 42 கொப்பிக்கு இரண்டு இரவு போகிறது. பிள்ளைகள் "சேருக்கு என்ன நடந்த?" என்று கேட்கிறார்களாம்.

இடையில் எங்கள் பெரியப்பா ஒருவர் வந்து, உருவம் கீறுவது கூடுமா என்று கேட்டார். நல்ல கேள்விதான். அதற்குத் தீர்ப்புச் சொல்ல நாங்கள் ஆட்கள் இல்லை, தெரிந்த மௌலவிமார் இரண்டு பேரிடம் கேட்டோம், இரண்டு விதமாகச் சொன்னார்கள். ஆனால் அவரிடம் தாள்களைக் காட்டினோம். பந்து, ஊசலாடுகிற குண்டு, காற்றில் ஆடுகிற கொடித்துணி. கண்ணும் இல்லை, முகமும் இல்லை. அடிப்படைப் பயிற்சிகள் முக்காவாசி இப்படித்தான். பெரியப்பா பந்தை ஐந்து தரம் ஓடவிட்டுப் பார்த்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

இப்போது மாச்சாக்கில் நிற்கிறோம். பாதி நிரம்பிய ஒரு மூட்டை. அதன் நாலு மூலைகளையும் வைத்து அது கவலையாக இருக்கிறதா, பயந்துவிட்டதா, கோபமா என்று காட்ட வேண்டும். மகனின் மூட்டை கோபப்படும்போது பார்த்தால் எங்கள் வீட்டு ஒருவரின் நிற்கிற விதம் தெரிகிறது. இடுப்பில் இரண்டு கையும் வைத்த மாதிரி. யார் என்று நாங்கள் எழுதவில்லை.

கவலைப்படுகிற மூட்டை இன்னும் வரவில்லை. நேற்று இஷாவுக்குப் பிறகு 14 தாள் போனது. குந்தச் சொன்னால் சரிகிறது, சரியாமல் வைத்தால் செங்கல் மாதிரி நிற்கிறது. பாரம் எங்கே இறங்குகிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் பிடிபடவில்லை. இன்றைக்குக் குசினியிலிருந்து அரிசிப் பையைத் தூக்கி வந்து கதிரையில் இருத்தி வைத்திருக்கிறோம். சோறாக்க அரிசி எடுக்க வேண்டும், சீக்கிரம் கீறி முடியுங்கள் என்று உம்மா சொல்கிறார்.