மில் ஊருக்கு ஏற்ற ஹெட்போன்

இரைச்சல் நீக்கும் ஹெட்போன் எல்லா ஓசையையும் நீக்குவதில்லை. தாழ்ந்த சுருதியில், ஒரே சீராக, நிற்காமல் ஓடும் ஓசையைத்தான் அது நன்றாக நீக்கும். பஸ் எஞ்சினின் உறுமல், ரயில் பெட்டிக்கு அடியில் எழும் அதிர்வு, மின்விசிறியின் ரீங்காரம், ஏ.சி.யின் இரைச்சல் இவையெல்லாம் அதற்கு அடங்கும். மனிதக் குரல், ஹாரன், குழந்தையின் அழுகை, பாத்திரம் விழும் சத்தம் ஆகியவற்றை அது ஓரளவு தணிக்கும், அழிக்காது. முப்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய பிறகு பக்கத்து வீட்டு டி.வி. இன்னும் காதில் விழுகிறதே என்று வருந்துகிறவர்களுக்கு இந்த முதல் உண்மையைக் கடையில் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். விலைப்பட்டியலைத் திறக்கும் முன், தான் வாழும் ஊர் என்ன ஓசை எழுப்புகிறது என்று ஒரு நாள் முழுக்கக் காதுகொடுத்துக் கேட்பதே தேர்வின் தொடக்கம்.

உதாரணத்துக்கு, விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர் தூரம்தான். காதுக்கு இரண்டும் வேறு வேறு ஊர்கள். ராஜபாளையம் பஞ்சும் நூலும் வளர்த்த ஊர். பி.ஏ.சி.ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். நாளடைவில் மூன்று ஷிப்டு வாழ்க்கை ஊரின் நடையாகவே ஆகிவிட்டது. நூற்பாலையில் ரிங் ஃபிரேமின் கதிர் நிமிடத்துக்கு 18,000 சுற்று சுற்றினால் விநாடிக்கு 300 சுற்று. 300 ஹெர்ட்ஸ் அடிச்சுருதியில் ஓர் இடையறாத ஓசை பிறக்கிறது. அதன்மேல் காற்றும் பெல்ட்டும் சேர்ந்து எழுப்பும் சீற்றம் படிகிறது. பேண்டேஜ் துணிக்குப் பெயர்பெற்ற சத்திரப்பட்டி பக்கம் போனால் கதை மாறும். அங்கே விசைத்தறியின் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிபட்டு ஓடுகிறது. நிமிடத்துக்கு நூறு முறைக்கு மேல் விழும் தனித்தனி அடி அது. மில்லின் ஓசை ஓடுவது. தறியின் ஓசை தட்டுவது. இரைச்சல் நீக்கும் கருவியின் வலிமையும் வரம்பும் இந்த வேறுபாட்டிலேயே அடங்கியிருக்கின்றன.

காரணம் எளிது. ஹெட்போனின் வெளிப்புறத்திலும் உட்புறத்திலும் சிறு மைக்குகள் இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் ஓசையலையை அவை பிடித்துக் கொடுக்க, உள்ளே இருக்கும் சிப் அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி ஸ்பீக்கர் வழியே விடுகிறது. மேடு வரும் இடத்தில் பள்ளம், பள்ளம் வரும் இடத்தில் மேடு. இரண்டும் சேர்ந்து சமமாகிவிடுகின்றன. 100 ஹெர்ட்ஸ் ஓசையின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர், 300 ஹெர்ட்ஸுக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேல். இவ்வளவு நீண்ட அலையில் எதிரலை ஒரு நூலளவு பிந்தினாலும் கெடுதல் இல்லை. 5,000 ஹெர்ட்ஸ் ஓசையின் அலையோ ஏழே சென்டிமீட்டர். இம்மி பிசகினால் எதிரலை உதவியாக இராமல் உபத்திரவமாகிவிடும். அதனால் உயர்ந்த சுருதி ஓசைகளை மின்னணுச் சுற்று எதிர்கொள்வதில்லை. காதைச் சுற்றி அணைக்கும் மெத்தைதான் தடுக்கிறது. தறியின் அடியோ உயர்ந்த சுருதி ஓசைகள் நிறைந்தது, சட்டென்று தோன்றி மறைவது. அதைச் சுற்று முழுதாகப் பிடித்து எதிர்ப்பது கடினம்.

இந்த எண்ணம் பழையது. ஜெர்மானியரான பவுல் லுயெக் எதிரலையால் ஓசையை அடக்கும் முறைக்கு 1936-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய அதே ஆண்டு. ஆனால் அதைக் காதில் மாட்டும் கருவியாக்க அன்றைய மின்னணுவியல் போதவில்லை. 1978-இல் ஜூரிச்சிலிருந்து திரும்பும் விமானத்தில், கொடுத்த ஹெட்போனில் எஞ்சின் ஓசையைத் தவிர வேறொன்றும் சரியாகக் கேட்காததால், போஸ் கம்பெனியை நிறுவிய அமர் போஸ் அங்கேயே கணக்குப் போடத் தொடங்கினார். இந்திய விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு அமெரிக்காவுக்குப் போன வங்காளியின் மகன் அவர். விமானிகளுக்கான ஹெட்செட் 1989-இல் விற்பனைக்கு வந்தது. பயணிகளுக்கான குவயட்கம்ஃபர்ட் 2000-இல். ஆக, இந்தக் கருவி பிறந்ததே பயணத்துக்காக. அதன் குணம் இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

அந்தக் குணம் முழுதாக வெளிப்படும் இடம் பொதிகை எக்ஸ்பிரஸ். சென்னை எழும்பூரில் இரவில் ஏறி, சிவகாசி தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று விடியலில் இறங்கும் பயணிக்கு இரவு முழுக்கச் சக்கர ஓசை, விசிறி ஓசை, ஏ.சி. பெட்டியானால் அதன் இரைச்சலும் துணை வரும். மூன்றும் தாழ்ந்தவை, சீரானவை. நல்ல கருவியைப் போட்டதும் பெட்டியே பத்தடி தள்ளிப் போய்விட்டது போலிருக்கும். இறங்கவேண்டிய ஸ்டேஷன் தூக்கத்தில் போய்விடும் அபாயமும் அதிலேயே உண்டு. ஹெட்போன் வழியாக அலாரம் ஒலிக்கும்படி போனில் அமைத்துக்கொள்வது நல்லது. இரு ஊர்களுக்கும் இடையே ஓடும் பஸ்ஸிலும் எஞ்சின் ஓசை எளிதில் அடங்கும். ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓடினால் விநாடிக்கு 75 வெடிப்பு. அலைநீளம் நான்கு மீட்டருக்கு மேல். தனியார் பஸ்ஸில் போடும் சினிமாப் பாட்டு மட்டும் அடங்காது. அது குரலும் தாளமும் கலந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரின் ஓசை வேறு வகை. கோயில் மணி, நாகசுரம், பூக்கடை வாசலில் பேரம், பால்கோவா கிண்டும் கடாயில் கரண்டி உரசும் ஓசை, ஆடிப்பூரத் தேரின்போது எழும் ஆரவாரம். இவை எதையும் இந்தக் கருவி அழிக்காது, அழிக்காமலிருப்பது நல்லதும்கூட. மார்கழி விடியலில் ஆண்டாள் பிறந்த ஊரிலேயே திருப்பாவை ஒலிக்கும்போது, நடைப்பயிற்சிக்குப் போகிறவர் காதை அடைத்துக்கொண்டு வேறொன்றைக் கேட்பது ஓர் இழப்பு. வெளியோசையை மைக் வழியே உள்ளே விடும் வசதி இப்போதைய உயர்ரகக் கருவிகளில் எல்லாம் உண்டு. ஆம்பியன்ட், டிரான்ஸ்பரன்சி என்று கம்பெனிக்கு ஒரு பெயர். அந்த வசதியில் வெளிக்குரல் இயல்பாகக் கேட்கிறதா, டெலிபோனில் கேட்பதுபோல் தகரமாகக் கேட்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும். தெருவில் நடப்பவருக்கு அது பாதுகாப்பும்கூட. ரத வீதியில் பின்னால் வரும் ஆட்டோவின் ஹாரன் கேட்கவேண்டும். வண்டி ஓட்டும்போது ஹெட்போன் எந்த மோடிலும் வேண்டாம்.

தலையிலும் காதிலும் கருவி எப்படி உட்காருகிறது என்பது சிப்பைவிட முக்கியம். மெத்தைக்கும் தோலுக்கும் இடையே சிறு சந்து இருந்தாலும் தாழ்ந்த ஓசை அதன் வழியே புகுந்துவிடும். கண்ணாடியின் காது ஒரு சந்து. ஜிமிக்கியும் மாட்டலும் இன்னொரு சந்து. நகை அணியும் பெண்கள் கடையில் நகையோடுதான் போட்டுப் பார்க்கவேண்டும். இணைய விமர்சனங்கள் பெரும்பாலும் இதைப் பேசுவதில்லை. அடுத்தது எடை. சோனியின் 1000எக்ஸ்எம்5 (2022) சுமார் 250 கிராம், போஸ் குவயட்கம்ஃபர்ட் அல்ட்ரா (2023) ஏறத்தாழ அவ்வளவே, சென்ஹைசர் மொமென்டம் 4 (2022) 293 கிராம். 2020 இறுதியில் இந்தியாவுக்கு 59,900 ரூபாயில் வந்த ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் சுமார் 385 கிராம். அரை மணி நேரம் கேட்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாது. மூன்று மணி நேரம் பாட்டோ பாடமோ கேட்பவரின் கழுத்து சொல்லிவிடும்.

வெயிலை மறந்துவிட்டு இந்த வட்டாரத்தில் காதை முழுதாக மூடும் எதையும் வாங்கக்கூடாது. மலை அருகில் இருந்தாலும் சித்திரை, வைகாசியில் விசிறிக் காற்றே சுடும். செயற்கைத் தோல் மெத்தை பதினைந்து நிமிடத்தில் வேர்க்கும். வேர்வை ஊறி ஊறி இரண்டு மூன்று ஆண்டுகளில் உரியத் தொடங்கும். கழற்றி மாற்றக்கூடிய மெத்தை, தனியாக வாங்கக் கிடைக்கும் மெத்தை என்பதற்காகவே ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்தாலும் தவறில்லை. நாளெல்லாம் ஏ.சி. இல்லாத அறையில் இருப்பவருக்குக் காதுக்குள் செருகும் இயர்பட்ஸே பொருந்தும். அதிலும் இரைச்சல் நீக்கும் உயர்ரகங்கள் இருக்கின்றன. இரவு ஷிப்டு முடித்துப் பகலில் உறங்குகிறவருக்கும் அதுதான். பெரிய ஹெட்போனோடு ஒருக்களித்துப் படுக்க முடியாது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று இன்னொரு சோதனை. வெளிமைக்கில் காற்று மோதினால் அதையே ஓசையென்று கருதி சிப் தடுமாறும். காதில் படபடவென்று கேட்கும். காற்றோசையைக் குறைக்கும் அமைப்பு ஆப்பில் இருக்கிறதா என்பதைக் கேட்டுக்கொள்ளலாம். மொட்டை மாடியில் கேட்கும் பழக்கம் உள்ளவருக்கு இது அவசியம்.

பேட்டரி இன்று பெரிய கவலை இல்லை. ஏர்பாட்ஸ் மேக்ஸ் 20 மணி, அல்ட்ரா 24, எக்ஸ்எம்5 30, மொமென்டம் 4 60 மணி என்று கம்பெனிகள் சொல்கின்றன. மடித்துப் பையில் வைக்க முடிவதுதான் பயணிக்கு உதவும். சோனியின் எக்ஸ்எம்4 மடங்கியது, எக்ஸ்எம்5 மடங்காது, 2025-இல் வந்த எக்ஸ்எம்6 மீண்டும் மடங்குகிறது.

இனி இசை. பெரும்பாலான உயர்ரகக் கருவிகள் பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் தாழ்ந்த சுருதியைக் கொஞ்சம் தூக்கித் தருகின்றன. சினிமாப் பாட்டுக்கு அது முதலில் இனிக்கும். மிருதங்கம் வைத்துப் பார்த்தால் தெரியும்: இடப்பக்கத் தொப்பியின் கும்கி வழுக்கிச் செல்லும் அழகு போய், ஒரே மொத்தையாக வீங்கிக் கேட்கும், வலந்தலையின் சொல் பின்னுக்குப் போய்விடும். இளையராஜா பாடல்களில் பேஸ் கிடார் தனி ராகமாகவே நடக்கும் இடங்களில் ஒவ்வொரு ஸ்வரமும் பிரிந்து கேட்கவேண்டும். வெறும் அதிர்வாகக் கேட்டால் அந்தப் பாட்டின் பாதி போயிற்று. தம்புராவின் ரீங்காரம் மறைகிறதா என்பதும் நல்ல சோதனை. கடையில் ஒலிக்கும் விளம்பரப் பாட்டை விட்டுவிட்டு, பல ஆண்டாக மனப்பாடமான மூன்று பாடல்களைப் போட்டுக் கேட்பதே சரி. எம்.எல்.வசந்தகுமாரியின் திருப்பாவை அப்படியொரு பதிவு. குரல் மூச்சோடு நெருக்கமாகக் கேட்டால் கருவி நடுச்சுருதியை மதிக்கிறது என்று பொருள். தேர்வில் மற்றவை தேறி இது ஒன்று மட்டும் குறைந்தால் ஆப்பில் உள்ள ஈக்குவலைசரில் பேஸைச் சற்று இறக்கிச் சரிசெய்துகொள்ளலாம்.

கோடெக், அதாவது ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை, பற்றிய பேச்சுக்குப் பெரிய இடம் தரவேண்டியதில்லை. சோனியின் எல்டேக் விநாடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும். ஐபோன் அதை ஏற்பதில்லை, பெரும்பாலும் ஏஏசியே. பஸ்ஸிலும் வீட்டிலும் ஸ்ட்ரீமிங் கேட்பவருக்கு இந்த வேறுபாடு காதில் விழுவது அரிது. பழைய டேப் பதிவில் இருக்கும் உராய்வோசையை எந்தக் கோடெக்கும் குறைக்காது. அதைவிட மெத்தைக்கும் பொருத்தத்துக்கும் மதிப்புக் கொடுப்பது மேல்.

இவ்வளவு செலவு எதற்கு என்று கேட்டால், காதைக் காக்கத்தான். பஸ் இரைச்சலின் மேல் பாட்டு கேட்கவேண்டுமென்றால் சாதாரண இயர்போனில் ஒலியை ஏற்றிக்கொண்டே போகவேண்டியிருக்கும். அடியில் இருக்கும் இரைச்சல் இறங்கினால் பாட்டின் ஒலியும் தானே இறங்கும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபல் அளவில் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. ஒலி மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகவேண்டும். போனிலேயே வாரக் கணக்கைக் காட்டும் வசதி பலவற்றில் உண்டு.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். பாட்டு கேட்கும் இந்த ஹெட்போன், மில்லிலும் தறிக்கூடத்திலும் காதுக் கவசமாகாது. எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்பதே பல நாடுகள் காதுக்கு வைக்கும் எச்சரிக்கைக் கோடு. தறிக்கூடம் அதை எளிதில் தாண்டும். அங்கே வேண்டியது டெசிபல் தரம் பொறித்த இயர்ப்ளக்கோ இயர்மஃப்போ. சில நூறு ரூபாயில் கிடைக்கும் அதைத்தான் வேலைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் முதலில் வாங்கிக் கொடுக்கவேண்டும்.

வாங்கும்போது பில்லும் இந்திய வாரண்டியும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அச்சு அசலாக இருக்கும் போலிகள் பாதி விலைக்கு வலம்வருகின்றன. கம்பெனி ஆப்பில் சீரியல் எண்ணோடு இணைகிறதா என்று கடையிலேயே சோதிக்கலாம். இணையத்தில் வாங்கினால் பெட்டியைக் கிழிக்காமல் பிரித்து, திருப்பி அனுப்பும் நாட்களுக்குள் ஒரு பஸ் பயணம், ஒரு மணி நேர மின்விசிறி, மூன்று பாட்டு, ஒரு போன் பேச்சு என்று பார்த்துவிடவேண்டும். போன் பேச்சை வாசலில் நின்று பேசுவது உத்தமம். தெரு ஓசையில் மறுமுனையில் இருப்பவருக்குக் குரல் தெளிவாகக் கேட்டதா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். பழுதானால் மதுரைக்கு அனுப்பவேண்டியிருக்குமா, கூரியரில் வீட்டுக்கே வந்து எடுப்பார்களா என்பதையும் அதே நாட்களில் விசாரித்து வைப்பது நல்லது. உபயோகத்துக்குப் பிறகு மெத்தையை ஈரமில்லாத பருத்தித் துணியால் துடைத்து, வேர்வை உலர்ந்தபின் உறையில் வைத்தால் மெத்தை கூடுதல் காலம் உழைக்கும்.