கூலி கொடுக்காத மஞ்சாடி

நாஞ்சில் நாட்டில் காந்தாரி மிளகாயைப் பெரும்பாலும் யாரும் பாத்தி கட்டி விதைப்பதில்லை. தொழுவத்தின் பின்புறம், தென்னை மூடு, மதிலோரம் என்று தன் இஷ்டத்துக்கு முளைத்து நிற்கும். மரச்சீனி அவிக்கும் அன்றைக்கு நாலு பறித்துக்கொள்வோம். விதைத்த புண்ணியம் கொண்டைக்குருவிக்கும் மைனாவுக்கும். மிளகாயின் உறைப்பு பறவைகளுக்கு உறைக்காது. எலியும் அணிலும் கடித்தால் வாய் எரிந்து ஓடும். ஏன் இந்தப் பாரபட்சம்? எலி விதையையும் சேர்த்து அரைத்துவிடும். குருவியோ முழுசாக விழுங்கி, வேறொரு மரத்தடியில் எச்சத்தோடு போடும். 2001இல் அமெரிக்காவின் அரிசோனாவில் காட்டு மிளகாயை வைத்து இதைச் சோதித்தே காட்டினார்கள். பந்தியில் யாரை உட்கார வைப்பது, யாரை எழுப்புவது என்று செடியே முடிவு செய்திருக்கிறது.

அயனி மரம் இன்னும் தாராளம். முள்ளுமுள்ளான அந்தச் சின்னச் சக்கைக்குள் இனிப்பான சுளை. வௌவால்கள் ராத்திரியெல்லாம் சுளையைச் சப்பி விதையை உதிர்க்கும். ஆமணக்கு எறும்புக்குப் படி அளக்கிறது: விதை நுனியில் வெளிறிய ஒரு சதைக் குமிழ். எறும்பு புற்றுக்கு இழுத்துப்போய்க் குமிழை மட்டும் தின்றுவிட்டு, விதையைக் குப்பையோடு வெளியே தள்ளும். சுமந்ததற்குக் கூலி, கணக்கு நேர்.

மஞ்சாடிதான் மோசம். காய் வற்றி, முறுக்கிக்கொண்டு வெடிக்கும். ஆனாலும் விதைகள் சட்டென்று விழாது. சுருண்ட தோட்டிலேயே ஒட்டிக்கொண்டு செக்கச்செவேலென்று மினுங்கும். பழமென்று நம்பி விழுங்குகிற குருவிக்கு ஒரு சொட்டுச் சாறு கிடையாது. கல் மாதிரித் தோல்; வயிற்றில் கரையாமல் போனபடியே வெளியே வரும். குன்றிமணிக்கும் இதே வேஷம்தான். கூடுதலாக உள்ளே அப்ரின் என்னும் கொடிய விஷம். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்று பொன்னை நிறுத்தார்கள் நம் முன்னோர். நேர்மையான எடைக்கு இந்த இரண்டு எத்தர்களையா பிடித்தார்கள் என்று எனக்குச் சிரிப்பு வரும்.

தென்னாப்பிரிக்காவில் ஒரு செடியின் விதை மான் புழுக்கை போலவே உருண்டையாக இருக்கும், நாற்றமும் அதே. சாண வண்டு அதை உருட்டிப்போய்ப் புதைக்கும். தின்னவும் ஆகாது, முட்டையிடவும் ஆகாது. செடிக்கு மட்டும் நடவு முடிந்தது. 2015இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள்.

இந்த ஏமாற்று எல்லாக் காலமும் செல்லாது. பட்ட பறவை படித்துக்கொள்ளும். ஏமாற இளங்குருவிகள் வேண்டும். அவை நம்புவதற்குச் சுற்றிலும் நிஜமாகவே பழம் தருகிற மரங்கள் வேண்டும். நல்ல நோட்டு புழங்கும் சந்தையில்தானே கள்ள நோட்டு செல்லும்! மஞ்சாடியின் பிழைப்பே அத்தியையும் ஆலையும் நம்பித்தான்.

ஆனால் அப்படிப் பழம் தருகிற மரங்கள் எங்கே? குலசேகரம், அருமனைப் பக்கம் போனால் விளைகளெல்லாம் ரப்பர். அதன் காய் வெயிலில் படீரென்று வெடித்து விதையைத் தானே எறிந்துகொள்ளும். குருவியும் வேண்டாம், வௌவாலும் வேண்டாம். உங்கள் விளையில் ஒரு அயனி மிச்சம் நின்றால், தடி வியாபாரி விலை பேச வரும்போது இல்லையென்று சொல்லி அனுப்புங்கள்.