லிங்க் இருந்தது, ஃபைல் இல்லை

ஃபைனல் இயர் ரிவ்யூ இன்னும் முடியாதவங்க இதைக் கொஞ்சம் பொறுமையா படிங்க. முடிச்சவங்க ஜூனியருக்கு ஃபார்வர்டு பண்ணுங்க.

எங்க டீமில் நாலு பேர். செல்போனிலிருந்து பம்ப்செட் மோட்டாரை ஆன் பண்ணுவதுதான் ப்ராஜெக்ட். ஆளுக்கு ஒரு பவர்பாயின்ட் ஃபைல். நாலையும் ஒன்றாகச் சேர்த்தால் டிசைன் கலைந்துவிடும் என்று நான் ஒரு யோசனை சொன்னேன். என் ஃபைல் மெயின்; மற்ற மூன்றுக்கும் அதிலிருந்து லிங்க். "எங்க ஊர் கோலியனூர் கூட்ரோடு மாதிரி. பாண்டிச்சேரி பஸ்ஸும் பண்ருட்டி பஸ்ஸும் அங்கதான் பிரியும்" என்று பெருமையாக விளக்கம் வேறு.

செய்வது சுலபம். ஸ்லைடில் ஒரு வார்த்தையையோ படத்தையோ செலக்ட் பண்ணி கன்ட்ரோல் கே அழுத்துங்க. வேண்டிய ஃபைலைக் காட்டிவிட்டு, ஓரத்தில் இருக்கும் 'புக்மார்க்' பட்டனை அழுத்தினால் அதன் ஸ்லைடுகள் வரிசையாக வரும். எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். ஷோ ஓடும்போது க்ளிக் பண்ணினால் நேராக அந்த ஸ்லைடு. எஸ்கேப் அழுத்தினால் பழைய இடம்.

இரண்டு ஃபைல் சாயங்காலமே வந்துவிட்டது. டி டிரைவில் ப்ராஜெக்ட் ஃபோல்டரில் போட்டு லிங்க் கொடுத்தேன். மூன்றாவது செலவுக் கணக்கு. எங்க டீம்மேட் ஒருத்தி, ஊரில் மோட்டார் வைத்திருக்கும் விவசாயிகளிடம் வீடு வீடாகக் கேட்டு எழுதியது. ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. தூக்கக் கலக்கத்தில், டவுன்லோட்ஸில் இருந்தபடியே லிங்க் கொடுத்துவிட்டேன். ஃபோல்டரைப் பென் டிரைவில் காப்பி பண்ணி, என் லேப்டாப்பிலேயே சொருகி ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் ஓடியது.

மறுநாள் செமினார் ஹால் கம்ப்யூட்டரில் முதல் இரண்டு லிங்க்கும் திறந்தன. அவள் முறை வந்ததும், ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று ஒரு சின்னப் பெட்டி. மறுபடி க்ளிக். மறுபடி அதே பெட்டி.

"ஏம்மா, நீ இன்னும் முடிக்கலையா?" என்றார் ரிவ்யூவுக்கு வந்த சார். அவள் என்னைப் பார்த்தாள். நான் கீபோர்டைப் பார்த்தேன்.

லிங்க் என்பது ஃபைல் இல்லைங்க, வெறும் அட்ரஸ். இரண்டும் ஒரே ஃபோல்டரில் இருந்தால் 'பக்கத்து வீடு' என்று பெயரை மட்டும் குறித்துக்கொள்ளும். ஃபோல்டர் எங்கே போனாலும் பக்கத்து வீடு கூடவே வரும். வேறு டிரைவில் இருந்தால் முழு விலாசம் எழுதிவிடும். அந்த விலாசம் என் லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கிறது. முதல்நாள் ராத்திரி எல்லாம் ஓடியதற்கும் அதுதான் காரணம்.

அதனால் முதலில் எல்லா ஃபைலையும் ஒரே ஃபோல்டரில் போடுங்க, அப்புறம் லிங்க் கொடுங்க. ஃபைல் பெயரை மாற்றாதீங்க. ஸ்லைடுகளை இடம் மாற்றினால் லிங்க்கை மறுபடி பாருங்க. கட்டாயம் வேறொருவர் லேப்டாப்பில் ஓட்டிப் பாருங்க. ஒரே ஃபைல் போதும் என்றால் ஸ்லைடுகளை காப்பி பண்ணி மெயின் ஃபைலில் பேஸ்ட் பண்ணலாம். பேஸ்ட் பண்ணும்போது 'கீப் சோர்ஸ் ஃபார்மேட்டிங்' தேர்ந்தெடுத்தால் டிசைனும் கலையாது. இது தெரிந்திருந்தால் எனக்கு லிங்க்கே தேவைப்பட்டிருக்காது.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவளிடம் சொன்னேன். "லிங்க் போனது பரவால்லடா. நான் முடிக்கலையான்னு கேட்டப்ப நீ ஏன் பேசல?" என்றாள். கூட்ரோடு வந்துவிட்டது. பதில் சொல்லாமலே இறங்கினேன்.

மறுநாள் காலையில் சாரைத் தேடிப் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவளைக் கூப்பிட்டு பத்து நிமிஷம் கேட்டார். அவள் ஃபைலைத் திறக்கவே இல்லை. எல்லாக் கணக்கும் மனப்பாடம்.

லிங்க்கைச் சரிபண்ண ஒரு நிமிஷம் போதும். நான் வாயைத் திறக்க ஒரு ராத்திரி ஆனது. நீங்க அவ்வளவு நேரம் எடுத்துக்காதீங்க.