பொன்மானை ஏவியவன்

தவசி வேடத்தில் இராவணன் பர்ணசாலை வாசலில் வந்து நின்றதும், பாயில் இருந்த ஆச்சி தொலைக்காட்சியைப் பார்த்துக் கை நீட்டினார். "வெளிய வராத பிள்ள, அங்கயே நில்லு!"

படத்தில் சீதை பேசியது ஆங்கிலம். ஆச்சிக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது, சிறுவர்களான எங்களுக்கும் தெரியாது. ஆனால் கதை தெரியாதவர் அந்த அறையில் யாரும் இல்லை. என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தும், இந்த முறையாவது அவள் வராமல் இருந்துவிட மாட்டாளா என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம்.

கொழும்பில் வேலை செய்த மாமா கொண்டுவந்த சீடி அது. ஆடி மாதம். சோளகக் காற்றில் கடல் இரைந்துகொண்டிருந்தது. உடப்பு திரௌபதை அம்மன் கோயிலில் திருவிழா தொடங்கி, ஊரே மச்சம் விட்டிருந்தது. தொழிலுக்காக வேறு கரைகளுக்குப் போனவர்களும் வந்து சேர்ந்துவிட்டதால் எங்கள் முன்னறையில் கால் நீட்ட இடமில்லை. "யப்பான்காரன் கீறின இராமாயணம்" என்று மாமா சொன்னதும் பக்கத்து வீட்டுப் பொடியன்களும் சன்னலில் தொற்றிக்கொண்டார்கள்.

உண்மையில் அதைக் கீறியவர்கள் யப்பானியர்கள் மட்டுமல்ல. உத்தரப் பிரதேசத்தில் நடந்த அகழாய்வு பற்றி ஆவணப்படம் எடுக்க வந்த யூகோ சாகோ, இராமாயணத்தில் மனதைப் பறிகொடுத்தார். பிறகு ராம் மோகன், கோயிச்சி சசாகி ஆகியோரோடு சேர்ந்து இயக்கி, 1992 இல் அந்தப் படத்தை முடித்தார். உடை உடுத்தும் விதம், கும்பிடும் விதம் எல்லாவற்றையும் இந்திய ஓவியர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். ஏறக்குறைய ஒரு லட்சம் சித்திரங்கள், எல்லாம் கையால் கீறியவை. பாடல்கள் சமஸ்கிருதம். இவற்றையெல்லாம் வளர்ந்த பிறகுதான் படித்தேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பொன்மான்தான். மரங்களுக்கிடையே அது ஓடி நின்று திரும்பிப் பார்த்தபோது நானும் பின்னால் போயிருப்பேன்.

போர்க் காட்சிகளில் பொடியன்கள் கத்தினார்கள். கும்பகர்ணன் எழுந்தபோது சிரித்தார்கள். பத்துத் தலை எனக்குப் பயம் தரவில்லை. பயந்தது அந்தத் தவசிக்குத்தான். படுத்த பிறகும் அவன் கண்ணுக்குள் நின்றான். கரன் என்ற அரக்கனின் சேனை முழுவதும் ஒற்றை ஆளான இராமனிடம் அழிந்த செய்தி கேட்டவன் இராவணன். படையோடு போனால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். அதனால் முதலில் மாரீசனிடம் போகிறான். இராமனின் அம்பு பட்டுக் கடலில் விழுந்து பிழைத்த மாரீசன் வேண்டாம் என்று மன்றாடுகிறான். மறுத்தால் உன்னை நானே கொல்வேன் என்கிறான் இராவணன். எப்படியும் சாவு என்றான பிறகுதான் அவன் மானாகிறான்.

அந்தத் திட்டம் எதை நம்பிப் போடப்பட்டது என்று பார்த்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசும். மனைவி ஆசைப்பட்டுக் கேட்டதை இராமன் மறுக்கமாட்டான். அண்ணனின் குரல் அபயம் கேட்டால் இலக்குவன் நிற்கமாட்டான். வாசலில் வந்து பிச்சை கேட்கும் துறவியைச் சீதை வெறுங்கையோடு அனுப்பமாட்டாள். அந்த மூன்று பேரிடமும் ஒரு கெட்ட குணத்தைக்கூட அவன் தேடவில்லை. அவர்களுடைய நல்ல குணங்களே அவனுக்குப் போதுமாக இருந்தன. எங்கள் கரைவலையும் அப்படித்தான் வளைக்கும்: தூரத்தில் இரண்டு பக்கமும் கயிறு நகரும்போது மீனுக்கு அது திறந்த கடல்தான், மடிக்குள் வந்த பிறகுதான் துள்ளும்.

"இவனாவது கடைசியில தன்ர முகத்தக் காட்டினான்" என்றார் ஆச்சி, படம் முடிந்து வெற்றிலை மடித்துக்கொண்டே. "சகுனி காட்டவே இல்ல."

திருவிழாக் காலத்தில் ஆச்சியின் வாயில் பாரதம்தான். சூதுக்கு அழைத்தால் மறுப்பதில்லை என்று தருமர் வைத்திருந்த விரதத்தை அறிந்து அவரை அழைக்கச் செய்தவன் சகுனி. துரியோதனன் பணயம் வைப்பான், காய் உருட்டுவது மாமன். செத்துப்போன தகப்பனின் எலும்பில் செய்த காய்கள், அவன் நினைத்ததுதான் விழும் என்று ஆச்சி சொல்வார். வியாசரில் அந்த எலும்புக் கதை இல்லை. எனக்கோ ஆச்சி சொன்னதில்தான் நம்பிக்கை. மருமகன் மீது பாசம் காட்டும் மாமன் என்பதால், கதை கேட்கும்போது சீடி கொண்டுவந்த என் மாமாவை ஒருமுறை பார்த்துக்கொள்வேன். அவர் கண்ணை உருட்டிக் காட்டுவார்.

இராவணன் மேல் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. சிலாபத்துக்குப் போகும்போது ஆச்சி என்னை மானாவாரிக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். இராவணனைக் கொன்றுவிட்டுத் திரும்பிய இராமனைப் பிரமகத்தி தோஷம் தொடர்ந்து வந்தது, முன்னேஸ்வரத்துக்கு வந்தபோது அது விலகியதை உணர்ந்தான், மானாவாரியில் இலிங்கம் வைத்துக் கும்பிட்டான் என்பது எங்கள் பகுதிக் கதை. அதன் பிறகுதான் கோணேஸ்வரம், கேதீஸ்வரம், இராமேஸ்வரம். "அவ்வளவு சூது செய்தவனைக் கொன்றதற்கு இராமருக்கு ஏன் பாவம்?" என்று கேட்டேன். அவன் விச்சிரவசு முனிவரின் மகன், வேதம் படித்தவன், சிவனைப் பாடியவன் என்றார் ஆச்சி. அவ்வளவும் படித்திருந்துதான் அந்தக் காவியையும் கமண்டலத்தையும் எடுத்தானா என்று எனக்கு இன்னும் கோபம் கூடியது. துறவியின் கோலத்தை ஏமாற்றப் பயன்படுத்தியவனால், அதன் பிறகு வாசலில் வந்து நின்ற உண்மையான துறவிகளை எத்தனை பேர் சந்தேகித்திருப்பார்கள்?

அந்தக் கோபத்துக்கு ஆச்சி கொடுத்த மருந்து திரௌபதை கதைதான். எல்லாவற்றையும் கணக்குப் போட்ட சகுனி ஒன்றை மட்டும் போடவில்லை. சூதில் தோற்ற பிறகு அவைக்கு அழைத்துவர ஆள் வந்தபோது திரௌபதை உடனே எழுந்து போகவில்லை, ஒரு கேள்வியைத் திருப்பி அனுப்பினாள். தருமர் தன்னை முதலில் தோற்றாரா, என்னை முதலில் தோற்றாரா? தன்னைத் தோற்றவருக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை? பீஷ்மரும் பதில் சொல்லத் தடுமாறினார். இந்த இடத்தில் ஆச்சியின் குரல் உயரும். "காய நல்லா உருட்டினான். கேள்விக்கு உருட்ட அவனிட்ட என்ன இருந்தது?"

தீமிதிப்பு அன்று சித்தப்பா மஞ்சள் வேட்டியோடு வரிசையில் நின்றார். பறைச்சத்தத்தில் ஆச்சியின் காதுக்குள் கத்தவேண்டியிருந்தது.

"சகுனி செத்திட்டானா ஆச்சி?"

"இண்டைக்குப் பதினெட்டாம் நாளெல்லோ. சகாதேவன் முடிச்சிட்டான்" என்றவர், கூட்டத்தை விலக்கி என்னை முன்னால் தள்ளினார். "அம்மன் கூந்தல் முடியப்போறா, அங்க பார்!"