சுனைகளின் வழியே

மார்ச் 21, கசோர்லா

பேருந்து ஜன்னலில் மணிக்கணக்காக ஒலிவ மரங்களே ஓடிக்கொண்டிருந்தன. ஹயென் மாகாணத்தில் மட்டும் 6 கோடிக்கும் மேற்பட்ட ஒலிவ மரங்கள். வரிசை பிசகாத அந்த வெள்ளிப்பச்சை முடிகிற இடத்தில் சுண்ணாம்புப் பாறைகள் சுவராக எழும்புகின்றன. அதுதான் கசோர்லா மலைத்தொடர். தெற்கு ஸ்பெயினின் வறண்ட நிலத்துக்கு நடுவே மழையைப் பிடித்து நிறுத்தும் மலை. காட்டு டாஃபடில்களைத் தேடி வந்திருக்கிறேன்.

டாஃபடில் என்றதும் நமக்கு இங்கிலாந்துதான் நினைவுக்கு வரும். பள்ளிப் பாடப்புத்தகம் செய்த வேலை அது. வேர்ட்ஸ்வொர்த்தும் தங்கை டாரதியும் 1802 ஏப்ரல் 15 அன்று உல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் பார்த்தவை காட்டுப் பூக்களே. ஆனால் அவை பெரிய குடும்பமொன்றின் வடக்குக் கிளை மட்டும்தான். டாஃபடில்கள் அடங்கிய நார்சிசஸ் பேரினத்தின் இனங்கள் மிகுதியாகச் செறிந்து வாழ்வது ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும், நீரிணை தாண்டி மொராக்கோவிலும். தோட்டக்காரர்கள் இதுவரை பெயரிட்டுப் பதிந்திருக்கும் 25,000க்கும் மேற்பட்ட ரகங்களுக்கு மூதாதையரைத் தேடிப் போனால், பெரும்பாலும் இப்படிப்பட்ட மலைகளில்தான் போய் நிற்போம்.

இந்த மலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. டாஃபடில்களில் மிக உயரமாக வளரும் இனமும் மிகக் குள்ளமான இனங்களில் ஒன்றும் இங்கே அடுத்தடுத்து வாழ்கின்றன. உயரமானது நார்சிசஸ் லாஞ்சிஸ்பேதஸ். செழித்த இடத்தில் ஓர் ஆளின் இடுப்பைத் தாண்டி நிற்கும். குள்ளமானது நார்சிசஸ் ஹெட்ரயாந்தஸ். விரற்கடை உயரம்தான் இருக்கும்.

மார்ச் 22

இன்று நடக்கவில்லை. வரைபடத்தை மேசையில் விரித்து ஊற்றுகளைக் குறித்தேன். டாஃபடிலைத் தேடுகிறவர்கள் பூவைத் தேடக்கூடாது, தண்ணீரைத் தேட வேண்டும். உயரமான இனத்துக்கு இது இன்னும் பொருந்தும். அது ஓடைக்கரையையும் ஊற்றடிப் புல்வெளியையும் விட்டு நகராது.

இந்த மலையில் ஊற்று எங்கே இருக்கும் என்பதைப் பாறை முடிவு செய்கிறது. சுண்ணாம்புப் பாறை விரிசல் விட்ட பாறை. மேலே பெய்யும் மழையும் உருகும் பனியும் விரிசல்களில் இறங்கி மறைந்துவிடும். அடியில் களிமண் கலந்த, நீர் புகாத அடுக்கு வந்ததும், மேற்கொண்டு இறங்க வழியில்லாமல் பக்கவாட்டில் வெளியேறும். அந்த இடத்தில்தான் சுனை. அட்லாண்டிக் பெருங்கடல்வரை 657 கிலோமீட்டர் ஓடும் குவாதல்கிவீர் ஆறு இந்த மலையில்தான் பிறக்கிறது. இதே மலைத்தொகுதியில் பிறக்கும் செகூரா ஆறோ மத்தியதரைக்கடலுக்குப் போகிறது.

இரவு வீட்டுக்கார அம்மாள் ரின்-ரான் செய்திருந்தார். உருளைக்கிழங்கு, காய்ந்த சிவப்பு மிளகாய், உப்புமீன் எல்லாம் சேர்த்து மசித்து, ஒலிவ எண்ணெய் தாராளமாக ஊற்றிய பதார்த்தம். நான் வந்த காரியத்தைக் கேட்டதும், “பூட்ஸ் வச்சிருக்கியா? மஞ்சள் பூ நிக்கிற இடத்துல முழங்கால் வரைக்கும் உள்ள போகும்” என்றார். நான் படித்த தாவரவியல் கட்டுரைகளைவிட இந்த ஒரு வாக்கியம் நாளைக்கு அதிகம் உதவும்.

மார்ச் 23

பார்த்துவிட்டேன்.

எந்த ஓடை என்று இங்கே எழுதப்போவதில்லை. கிழங்கு தோண்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரம், கருப்பு பைன் காட்டுக்குள் ஒரு சரிவு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

காலையில் நிழல் பக்கத்துப் புல்லெல்லாம் உறைபனியில் விறைத்திருந்தது. ஓடையை ஒட்டியே ஏறினேன். கரை குறுகலாக இருந்தவரை ஒன்றுமில்லை. ஓடை சற்றே படுத்து, கால் வைத்த இடத்தில் எல்லாம் நீர் கசிந்த ஈரப்புல்வெளிக்கு வந்ததும் மஞ்சள் தெரிந்தது. நூறு இருக்கும், இருநூறும் இருக்கலாம். பூந்தண்டுகள் என் இடுப்புவரை வந்தன. ஒவ்வொரு மொட்டையும் காகிதம்போல மெலிந்த நீண்ட பாளை ஒன்று மூடியிருந்தது. விரிந்த பூக்களில் அது காய்ந்து பழுப்பாகிப் பின்பக்கம் தொங்கியது. தோட்டத்து டாஃபடிலின் கனத்த மஞ்சள் இதில் இல்லை. இதழ்கள் சற்று முறுக்கிக்கொண்டு வெளிறியிருந்தன. நடுக்குழல் மட்டும் அடர்ந்த மஞ்சள். இந்த அளவில், இந்த எளிமையில்தான் பூ அழகாக இருக்கிறது. நூறாண்டுக் கலப்பில் நாம் அதைப் பெரிதாக்கியிருக்கிறோம். மேம்படுத்தியிருக்கிறோம் என்று என்னால் சொல்ல முடியாது.

பாறையொன்றில் உட்கார்ந்து நண்பகல்வரை ஒரே கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோஞானா உயிரியல் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த கார்லோஸ் எரேரா இந்த மலையில் பல பத்தாண்டுகள் வேலை செய்தவர். இந்தப் பூவைப் பற்றி 1995இல் அவர் வெளியிட்ட ஆய்வைப் படித்ததிலிருந்தே இப்படி உட்கார வேண்டும் என்று எனக்கு ஆசை. மார்ச் மாதத்தில் இங்கே தேனீக்கள் குறைவு, குளிர் அதிகம். குளிர்ரத்தப் பூச்சி எப்படிப் பறக்கும், எப்படி மகரந்தம் சேர்க்கும்? அவர் பூவின் குழலுக்குள் வெப்பநிலையை அளந்து பார்த்தார். வெயில் பட்டதும் உட்புறம் வெளிக்காற்றைவிட 8 டிகிரி வரைகூடச் சூடாக இருந்தது. பூ தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெயிலைக் குழலுக்குள் பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவே. ஆண்ட்ரீனா என்ற சிறிய மண்தேனீ உள்ளே புகுந்து, உடம்பு சூடேறி, அந்தத் தெம்பில் அடுத்த பூவுக்குப் பறக்கிறது.

பத்தரை மணிவரை ஒரு தேனீயும் இல்லை. வெயில் பைன் மரங்களைத் தாண்டிப் புல்வெளியில் விழுந்து கொஞ்ச நேரத்துக்குப் பிறகு முதல் தேனீ வந்தது. பழுப்பு நிறம், அரிசிமணியைவிடச் சற்றே பெரிது. குழலுக்குள் போனது வெளியே வரவேயில்லை. குனிந்து பார்த்தேன். மகரந்தத்தாள்களின் அடியில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. வெகுநேரம் கழித்து வெளியே வந்து, விளிம்பில் ஒரு கணம் நின்று, பறந்தது. மேகம் வந்து மறைத்ததும் மறுபடி புல்வெளி முழுவதும் வெறிச்சென்றாகிவிட்டது.

அதனால்தான் இந்தப் பூவுக்கு அவசரம் இல்லை. ஒரு பூ இரண்டு வாரத்துக்கும் மேல் வாடாமல் திறந்திருக்கும். வெயில் அடிக்கும் சில மணி நேரங்களுக்காக அத்தனை நாள் மழையையும் உறைபனியையும் தாங்குகிறது. அதற்குப் பிறகும் காத்திருப்புதான். விதைக்கு இறக்கை இல்லை. தண்டு சாய்ந்த இடத்தில் தாய்ச்செடிக்கு அருகிலேயே கொட்டும். முளைத்த கிழங்கு பூக்கும் பருவத்தை எட்டப் பல ஆண்டுகள் பிடிக்கும். அந்த ஆண்டுகளில் அதன் வேர்கள் சுருங்கிச் சுருங்கிக் கிழங்கை மண்ணுக்குள் மெல்ல இழுத்துக்கொண்டே போகும். இப்படிப்பட்ட செடி மலை தாண்டிப் போய்க் குடியேறுவது நடக்காத காரியம். ஓர் ஊற்றடிக் கூட்டம் அந்த ஊற்றுக்கே உரியது. அடுத்தடுத்த கூட்டங்களுக்கு இடையில்கூட மரபணு வேறுபாடு இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மார்ச் 24

நாள் முழுக்க மழை. அறையில் இருந்து, கிழங்கு சேகரித்தவர்களின் கதையைக் குறிப்பெடுத்தேன்.

1837இல் வில்லியம் ஹெர்பர்ட் என்ற பாதிரியார், டாஃபடில்கள் அடங்கிய அமரில்லிஸ் குடும்பம் பற்றிய பெரும் நூலை எழுதினார். நார்சிசஸ் சைக்ளமினியஸ் என்ற, இதழ்கள் முழுவதும் பின்னால் மடிந்த சிறு டாஃபடிலின் பழைய படத்தைப் பார்த்துவிட்டு, இப்படியொரு செடி இருக்கவே முடியாது என்று அதில் தீர்மானமாக எழுதினார். அவர் அறிவாளி, டாஃபடில்களை ஆழ்ந்து படித்தவர். ஆனால் செடி அதுபாட்டுக்குப் போர்ச்சுகலின் வடக்கில் ஆற்றங்கரைகளில் இருந்தது. 1885இல் போர்ட்டோ நகர்ப் பக்கம் ஆல்ஃபிரட் டெய்ட் என்பவர் அதைத் திரும்பக் கண்டெடுத்தார்.

அதன்பின் நடந்ததுதான் வருத்தம். லண்டன் விதை வணிகர் பீட்டர் பார் போன்றவர்கள் வயதான காலத்திலும் ஸ்பெயின், போர்ச்சுகல் மலைகளில் அலைந்து காட்டு இனங்களைத் தேடினார்கள். அவர்களுடைய உழைப்பை நான் மதிக்கிறேன். அவர்கள் இல்லையென்றால் பல இனங்கள் எங்கே இருக்கின்றன என்பதே நமக்குத் தெரிந்திருக்காது. ஆனால் தேடியது கிடைத்ததும் கிழங்குகள் மூட்டை மூட்டையாகக் கப்பலேறின. இன்று சந்தையில் சின்னத் தொட்டிகளில் விற்கும் ‘டேட்-அ-டேட்’ டாஃபடிலின் உடம்பில் ஓடுவதில் ஒரு பங்கு அந்த சைக்ளமினியஸின் ரத்தம்தான்.

மார்ச் 26

மழை விட்டது. மேலே பனி விழுந்திருக்கும் என்று நினைத்தும் குள்ள இனத்தைத் தேடி 1,600 மீட்டர்வரை ஏறினேன். பாதையில் பழைய மரவெட்டிகளின் தடங்கள். 1748இல் ஸ்பானிய அரசு இந்த மலைக்காட்டைக் கடற்படையின் கீழ் ஒரு ‘கடல் மாகாணம்’ ஆக்கி, கப்பல் கட்ட மரம் வெட்டியது. கட்டைகளை ஆற்றில் மிதக்கவிட்டே கீழே கொண்டுபோனார்கள். உள்நாட்டுப் போருக்குப் பின் வாதில்யோ மர அறுவை ஆலையில் ரயில்பாதைக் கட்டைகள் அறுத்தார்கள். அத்தனை கோடரிக்கும் தப்பி நிற்கும் முதிய பைன்களின் அடியில், பனி உருகி ஈரமாகிக் கிடந்த சரளைமண்ணில் குள்ளப்பூ இருந்தது.

இது வேறு மாதிரி. தண்டு என்று சொல்வதற்கே ஒன்றும் இல்லை. இருக்கும் துண்டும் தரையோடு சாய்ந்து கிடக்கிறது. வெளிறிய மஞ்சள் புனல், அதிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தத்தாள்கள். இதழ்கள் ஊசிபோல ஒடுங்கிவிட்டன. மண்டியிட்டுக் கன்னம் மண்ணில் படப் பார்த்தேன். தரையோடு ஒட்டியிருந்த காற்று முகத்துக்கு இதமாக இருந்தது. நிமிர்ந்தால் காது வலிக்கும் குளிர். இங்கே உயர்ந்து நின்றால் காற்று முறித்துவிடும். கீழே ஓடைக்கரையில் உயர்ந்து நிற்காவிட்டால் புல்லும் கோரையும் மூடிவிடும். ஒரே மலை, ஒரே குடும்பம், இரண்டு விதமான பிழைப்பு.

இறங்கும்போது ஒரு பாறையிடுக்கில் மெல்லிய இலைகளை மட்டும் பார்த்தேன். நார்சிசஸ் குவாத்ரேகாசாசியாக இருக்க வேண்டும். பூக்க இன்னும் நாளாகும். அருகிலுள்ள மாஹினா மலையின் தாவரங்களை ஆராய்ந்து 1929இல் நூல் வெளியிட்ட ஹொசே குவாத்ரேகாசாஸின் பெயரைத் தாங்கிய பூ அது. உள்நாட்டுப் போரில் குடியரசு தோற்றதும் அவர் நாட்டைவிட்டு வெளியேறி, கொலம்பியாவிலும் அமெரிக்காவிலும் ஆய்வு வாழ்க்கையைத் தொடர்ந்தார். அவர் பெயரைச் சுமக்கும் செடி அவர் ஊர்சுற்றிய மலைகளிலேயே பாறையைப் பற்றிக்கொண்டு நிற்கிறது என்பது எனக்கு நிறைவாக இருந்தது.

மார்ச் 28

வரைபடத்தில் ஊற்று என்று குறித்திருந்த இன்னொரு இடத்துக்குப் போனேன். ஊற்று வாயில் சிமென்ட் பெட்டி, அதிலிருந்து கருப்பு பிளாஸ்டிக் குழாய் சரிவில் இறங்கிப் போயிற்று. ஓடை இருந்த பள்ளத்தில் காய்ந்த கோரைத் தூர்கள். ஒரு டாஃபடில் இலைகூட இல்லை. எப்போதாவது இருந்ததா என்பதற்கும் தடயம் இல்லை.

குழாயைப் பின்தொடர்ந்தேன். அது ஆடுகள் குடிக்கும் நீண்ட கல்தொட்டியில் முடிந்தது. தொட்டி நிரம்பி, ஓரத்தில் வழிந்து, கீழே பாய்விரித்த அளவுக்குச் சேறு. அந்தச் சேற்றில் உயரமான டாஃபடில்கள் ஒரு கொத்து.

கம்பை ஊன்றி ஒரு பெரியவர் வந்தார். அவருடைய மகன் செகுரேன்யா ஆடுகளை ஓட்டிக்கொண்டு குளிர்காலத்துக்காக சியரா மொரேனா பக்கம் போயிருக்கிறார். வெயில் ஏறியதும்தான் திரும்புவார்.

“என்ன தேடுற, மகளே?”

பூவைக் காட்டினேன்.

“அதுவா! ஆடு திரும்பி வர்றதுக்குள்ள பூத்துக் காய்ச்சிடும். அதனாலதான் பொழைச்சுக் கெடக்கு.”

“மான் கடிக்காதா?”

“கடிக்கும். வேட்டைக்குன்னு கொண்டுவந்து விட்டாங்களே, அந்தப் புள்ளிமான் வந்தப்புறம் இன்னும் மோசம்.” 1960இல் இந்த மலை தேசிய வேட்டைக்காடாக அறிவிக்கப்பட்ட காலத்தைச் சொல்கிறார்.

தொட்டியைக் காட்டி, “மிதவை வால்வு ஒண்ணு போடுங்க, தண்ணி வீணாகாதுன்னு சொல்றாங்க. நான் வேணாம்னுட்டேன். வழியட்டும். பறவை குடிக்கும், இதுவும் குடிக்கும்” என்றார்.

இந்தச் செடி ஆந்தலூசிய அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. மலை 1983 முதல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். 1986 முதல் இயற்கைப் பூங்கா. இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் செடியைத் தொடாமலே அதைக் கொன்றுவிட ஒரு குழாய் போதும் என்பதை இன்று ஒரே சரிவில் பார்த்தேன். பூங்காவின் காவலரைச் சந்தித்து, ஊற்று வாயிலேயே கொஞ்சம் நீரைப் பழைய ஓடைக்கு விட்டுவிட்டு மீதியைக் குழாயில் எடுக்க முடியுமா என்று கேட்கப்போகிறேன். தொட்டியடியில் பிழைத்திருக்கும் கொத்து இவ்வாண்டு விதை கட்டினால், அந்தப் பள்ளத்தில் தூவுவதற்கு ஓரிரு நூறு விதைகளாவது கிடைக்கும். விதை முதிர ஜூன் ஆகும். பெரியவர் தன் மகனின் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தார். ஆடுகள் எப்போது வந்து சேரும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டு, அதற்கு ஒரு வாரம் முன்னால் வரச் சொல்லியிருக்கிறார்.